கேளுங்கள், சொல்கிறேன்: பைல்மருக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கே: என் மகனுக்கு ஆம்ஸ்டர்டாமில் மேற்படிப்பு. பைல்மர் என்ற பகுதியில் அறை கிடைத்திருக்கிறது. ‘அது மோசமான ஏரியா, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இருக்கிற இடம்’ என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். மகள் வீட்டுக்குப் போய் அங்கே தங்கியவர் நீங்கள். அனுப்பலாமா?
- வாசகி, கோத்தகிரி

ப: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. உங்கள் சொந்தக்காரர் சொல்வது 1980களின் பைல்மர். அன்றைக்கும் அதன் பெயர் கெட்டதற்குக் குடிவந்தவர்கள் காரணமில்லை.

1966இல் கட்ட ஆரம்பித்தார்கள். மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டு அறைகள் போல வளைந்து வளைந்து போகும் பத்து மாடிக் கட்டடங்கள், நடுவே பெரிய புல்வெளிகள். காருக்குச் சாலையை மேலே தூக்கிப் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தரையை விட்டுவிட்டார்கள். நடுத்தரக் குடும்பங்கள் வரிசையில் நிற்கும் என்பது கணக்கு. 1968இல் முதல் குடும்பங்கள் வந்தன. மெட்ரோ ரயிலோ 1977இல்தான் வந்தது. பெரிய கடைத்தெரு அதற்கும் பிறகு. வாடகை அதிகம். அதே சமயத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே அல்மேரே, பூர்மெரெண்ட் ஊர்கள் பக்கம் தோட்டத்தோடு தனி வீடு கிடைத்தது. யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

அப்போதுதான் டச்சு ஆட்சியில் இருந்த சுரிநாமிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கின. நகரத்தின் மற்ற இடங்களில் அவர்களுக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். இங்கே வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1974இல் கிளிப்ஹூவே என்ற கட்டடத்தின் காலி வீடுகளில் அவர்களே புகுந்து குடியேறினார்கள். பராமரிப்பு குறைந்தது, நீண்ட நடைகூடங்களிலும் ஆளில்லாத கார் நிறுத்துமிடங்களிலும் திருட்டும் போதைமருந்தும் நுழைந்தன. அதில் அதிகம் அடிபட்டதும் அங்கே வாழ்ந்தவர்கள்தான்.

கூடலூரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருந்த இடத்தை ‘சிலோன்காரங்க ஏரியா’ என்று சொல்லிப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். அங்கே பஸ் போகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தவர்கள் குறைவு. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

கே: சுரிநாம் எங்கே இருக்கிறது? அங்கே இந்தியர்கள் உண்டு என்கிறார்களே?
- வாசகர், தேவர்சோலை

ப: தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரம். 1667 பிரேடா ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் சுரிநாமை வைத்துக்கொண்டார்கள். இன்று நியூயார்க்காக இருக்கும் ஊர் ஆங்கிலேயரிடம் நின்றது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். 1863 ஜூலை 1ஆம் தேதி அடிமைமுறையை ஒழித்தார்கள். ஆனாலும் இன்னும் பத்து வருடம் தோட்டத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்! அது முடிந்த 1873இல் கல்கத்தாவிலிருந்து ‘லல்லா ரூக்’ கப்பல் போய்ச் சேர்ந்தது. 1916 வரை சுமார் 34,000 பேர், பெரும்பாலும் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கத்து ஏழைகள், ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனார்கள். நம் பக்கம் கங்காணி இலங்கைக்கு ஆள் கூட்டிப் போனார். அங்கே அந்த வேலையை அர்காட்டி செய்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், மிச்சக் கதையை அவர்களே சொல்வார்கள்.

1975 நவம்பர் 25இல் சுரிநாம் விடுதலை பெற்றது. அதை ஒட்டிய வருடங்களில் ஏராளமானோர் நெதர்லாந்துக்குக் கிளம்பினார்கள். இந்திய வம்சாவளியினர் ஹேக் நகரத்தில் அதிகம். பைல்மரில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அதிகம். அப்புறம் கானா நாட்டினர், கரீபியன் கடலின் அண்டிலிஸ் தீவினர் எல்லோரும் சேர்ந்தார்கள்.

அங்கே கடையில் ‘பாரா’ என்று ஒன்று விற்பார்கள். உளுந்து மாவில் பூண்டு, சீரகம், நறுக்கிய கீரை சேர்த்துத் தட்டி, நடுவே ஓட்டை போட்டு எண்ணெயில் பொரித்தது. கூடவே காரச் சட்னி. முதல் கடியில் எனக்குத் தொண்டை அடைத்தது. ரொட்டி வாங்கினால் கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, நீளமான காராமணிக்காய்ப் பொரியல், ஒரு அவித்த முட்டை. உங்கள் மகன் சாப்பாட்டுக்குத் திண்டாட மாட்டான் என்று அந்தக் கோத்தகிரி அம்மாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கே: விமானம் விழுந்த இடம் அதுதானா?
- வாசகர், குன்னூர்

ப: ஆமாம். 1992 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. இஸ்ரேலின் ‘எல் அல்’ நிறுவனச் சரக்கு விமானம் இரண்டு குடியிருப்புக் கட்டடங்கள் மேல் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் குடியிருந்தவர்களும் இருந்ததால் யார் யார் இறந்தார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடானது. பக்கத்தில் தப்பி நின்ற மரத்தை ‘எல்லாவற்றையும் பார்த்த மரம்’ என்கிறார்கள். அங்கேதான் நினைவிடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பூவாவது வைத்துவிட்டு வாருங்கள்.

கே: இப்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
- வாசகி, ஊட்டி

ப: தேன்கூட்டுக் கட்டடங்களில் பெரும்பகுதியை 1990களிலிருந்து இடித்துவிட்டுத் தாழ்வான வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த இடிப்பில் பழைய அக்கம்பக்கம் சிதறியது எனக்கு வருத்தம்தான். தப்பியவற்றில் கிளைபர்க்கைக் கட்டாயம் பாருங்கள். சுமார் 400 மீட்டர் நீளம். இடிக்க இருந்ததை ஒரே ஒரு யூரோவுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் கட்டடத்தைச் செப்பனிட்டு, வீடுகளை வெறும் சுவரோடு மலிவாகக் கொடுத்தார்கள். சமையலறை, குளியலறை எல்லாம் குடிவந்தவர்கள் தங்கள் கையால் போட்டுக்கொண்டார்கள். 2017இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோஹே கட்டடக்கலை விருது அதற்குத்தான்.

கோடையில் போனால் நெல்சன் மண்டேலா பூங்காவில் குவாக்கு திருவிழா. கால்பந்துப் போட்டியாக ஆரம்பித்தது, இப்போது சாப்பாடும் பாட்டுமாகப் பல வாரம் நடக்கிறது. ஹோலென்ட்ரெஹ்ட், ரைஹர்ஸ்போஸ், கைன் எல்லாம் அமைதியான தாழ்வான குடியிருப்புகள். 54ஆம் எண் மெட்ரோவில் போகலாம். கிளைபர்க் பக்கம் போக 53இல் ஏற வேண்டும். விலாசம் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி: பழைய கட்டடங்களின் பெயர்கள் அந்தந்தப் பகுதியின் எழுத்தில்தான் தொடங்கும். கிளைபர்க், கிக்கன்ஸ்டைன் இரண்டும் ‘கே’ பகுதி. மகனின் அறை எந்தக் கட்டடம் என்று எழுதுங்கள் அம்மா, பக்கத்து ஸ்டேஷன் எது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.