அம்பாசிடர், பத்மினி கார் பிரேக்: பழையதே போதுமா, மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 1972 அம்பாசிடர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ அழுத்தும் வகை). பிரேக் பிடிப்பே இல்லை, முன்னால் டிஸ்க் (சுற்றும் தட்டை இருபுறமும் பேட் கவ்வும் வகை) போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாக ஒதுக்கினால் உள்ளே ஈரம் தெரிகிறதா? தெரிந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. அப்புறம் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கைப் பாருங்கள். நடுவில் மட்டும் பளபளப்பாகவும் இரண்டு ஓரமும் மங்கலாகவும் இருந்தால், ஷூ டிரம்மில் முழுதாகப் பதியவில்லை. பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். லேத்தில் கடையக் கடைய டிரம்மின் விட்டம் கூடிவிடும், ஷூவின் வளைவு பழைய அளவிலேயே நிற்கும். லைனிங்கை அந்த டிரம்முக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்தால் வேறு வண்டி போலத் தெரியும். ஊருக்குள் ஓட்ட அதுவே தாராளம்.

ஒன்று முக்கியம்: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்கட்டும்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் வேலை செய்யவில்லை. டிரம் என்றாலே இப்படித்தானா?

பதில்: பெடல் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் அடிவரை போயிருந்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 தர ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அடிக்கடி மலைக்குப் போகிறவருக்கு டிஸ்க் நியாயமான செலவுதான், சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்.

கேள்வி: பத்மினி. கையில் பணம் குறைவு. எதை முதலில் மாற்றுவது?

பதில்: பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் பாதை. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அழுத்தம் தரும் டாண்டம் சிலிண்டர் போட்டால் ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். என்னைக் கேட்டால் டிஸ்க்கைவிட இது அவசரம். ரப்பர் ஹோஸ்களையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க் மாற்றிய பிறகு முன் சக்கரம் கொதிக்கிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது.

பதில்: பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருக்கிறார்களா? டிரம்முக்கான சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். டிரம்மில் ஸ்பிரிங் ஷூவைப் பின்னுக்கு இழுத்துவிடும். டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை, தேங்கிய அழுத்தத்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். சரியாகும்வரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: பிரேக்கை மாற்றினால் விண்டேஜ் பதிவு கிடைக்காதா?

பதில்: 2021 விதிப்படி வண்டி 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் கை வைத்திருக்கக் கூடாது. பிரேக்கை அந்தப் பட்டியலில் சொல்லவில்லை. ஆனாலும் கழற்றிய டிரம், ஷூ எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். தினமும் ஓட்டுகிறவர் அதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.