திடமான சிவப்பு ஒயின் நாக்கை வறட்டினால்

குடும்பப் பண்ணை ஒயின் ஒன்றைத் திறந்ததும் நாக்கு வறண்டது, ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறியது, அடியில் கசடும் இருந்தது என்கிறீர்கள். இது கெட்டுப்போன ஒயினின் அறிகுறி அல்ல. முதலில் சூட்டைக் கவனியுங்கள். 25 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு வரும், பழவாசனை அமுங்கிவிடும். ஃபிரிட்ஜில் 40 நிமிடம் போல வைத்து, 16–18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் கீழே போனால் துவர்ப்பு கூர்மையாகும்.

கசடு என்பது டானினும் (நாக்கை வறட்டும் துவர்ப்புப் பொருள்) நிறமியும் சேர்ந்து படிந்தது. வடிகட்டாமல் அடைத்த ஒயினில் சகஜம், தீங்கில்லை. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். பிறகு கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து, டிகாண்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) நிறுத்தாமல் மெதுவாக ஊற்றுங்கள். கசடு கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள், நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். இளம் ஒயின் என்றால் 1–2 மணி நேரம் காற்றாடட்டும். நன்கு முதிர்ந்ததை அவ்வளவு நேரம் விடாதீர்கள், வாசனை பறந்துவிடும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். கூடவே இறைச்சியோ முற்றிய சீஸோ இருந்தால் அதிலுள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும், வறட்சி தணியும். காரம் வேண்டாம், எரிச்சலைக் கூட்டும்.

நனைந்த அட்டை வாசனை வந்தால் மட்டும் கோளாறு கார்க்கில். எவ்வளவு காற்றாட விட்டாலும் அது போகாது. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.