துத்தநாக செல் 40ஆவது சார்ஜில் செத்துவிடுகிறது: பதில்

நீங்கள் செய்த, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றும் துத்தநாக மின்கலத்தில் (செல்) மின்னழுத்தம் படிப்படியாகக் குறையாமல், 40ஆவது சார்ஜின் நடுவில் திடீரெனப் பூஜ்யத்துக்கு இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே பழுது பெரும்பாலும் நேர்முனையான மாங்கனீசு டை ஆக்சைடில் இல்லை, எதிர்முனையான துத்தநாகத் தகட்டில்தான் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது துத்தநாகம் சமமாகப் படியாமல், மேடான இடங்களிலேயே மேலும் மேலும் படிந்து ஊசிபோல் வளர்ந்து, நீங்கள் பிரிப்பானாக வைத்த வடிதாளைத் துளைத்து மறுமுனையைத் தொட்டு, செல்லுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கிவிடுகிறது. செல்லைப் பிரித்து, வடிதாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறப் புள்ளிகள் இருபுறமும் தெரிந்தால் ஐயமே இல்லை. நாகர்கோவிலில் நாங்கள் செய்த செல்லில் அவை பாசி படர்ந்ததுபோல் ஓரங்களில்தான் மிகுந்திருந்தன. தகட்டைக் கத்தரியால் வெட்டியபோது விட்ட பிசிறு செய்த வேலை அது.

ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, கண்ணாடியிழைப் பிரிப்பானுக்கு மாறி, சார்ஜ் மின்னோட்டத்தைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். செல்லில் உள்ள துத்தநாக சல்பேட் கரைசலில் 0.1 மோலார் மாங்கனீசு சல்பேட் சேர்ப்பது நேர்முனை கரைவதைக் குறைக்கும். ஊசி வளர்ச்சியை அது நிறுத்தாது.

சிறிதளவு ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், செல்லைப் பிசின் வைத்து முழுவதும் அடைத்துவிடாதீர்கள். முப்பந்தல் காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கும் உங்கள் கணக்கை, செல் 200 சுழற்சி (ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) தாண்டிய பிறகு போடலாம்.