பழைய கப்பலைக் கடலில் மூழ்கடித்தால் மீன்வளம் பெருகுமா?

கப்பல் எந்தத் தரையில் போய்க் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் அமையும்.

பாலித் தீவின் துலாம்பென் கரையோரம் கிடக்கும் ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் நான் ஸ்கூபா முக்குளிப்புச் செய்திருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்கப்பட்டு அக்கரையில் தரைதட்டிய அக்கப்பல், 1963-இல் ஆகுங் எரிமலை சீறியபோது ஏற்பட்ட அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. சுமார் 120 மீட்டர் நீளமுள்ள அதைச் சுற்றிலும் எரிமலையின் கறுப்பு மணல்தான். புரளும் மணலில் பவளத்தின் இளம் உயிரி காலூன்ற முடியாது. அதற்கு அசையாத கெட்டியான பரப்பு வேண்டும். அந்தப் பரப்பை இரும்புத் தகடு தந்தது. இவ்வாறு கிடக்கும் தகட்டில் முதலில் பாக்டீரியாப் படலமும் பாசியும் படரும். பின்னர் கொட்டலசும் கடற்பஞ்சும் ஒட்டும். பவளங்கள் நிலைபெற ஆண்டுகள் பிடிக்கும். தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் நீரோட்டம் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றை வடிகட்டி உண்ணும் கடல் விசிறிகள் (விசிறி வடிவில் கிளைத்து வளரும் பவளங்கள்) ஓட்டத்துக்குக் குறுக்காகவே விரிந்து வளர்கின்றன.

அப்படியொரு விசிறியை எங்கள் வழிகாட்டி சுட்டிக்காட்டியபோது எனக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. நெடுநேரம் உற்றுப் பார்த்த பிறகே, விசிறியின் மொட்டுகளைப் போன்ற இளஞ்சிவப்புப் புடைப்புகள் உடலெங்கும் கொண்ட, இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லாத குறுங்கடற்குதிரை ஒன்று கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதே கப்பலில் ஒரு மீட்டருக்கும் மேல் வளரும், நெற்றி புடைத்த கிளிமீன்கள் இரவில் உறங்குகின்றன. அவற்றைக் காண விடியுமுன் இறங்க வேண்டும். வெளியே பாரை மீன்கள் கூட்டமாகச் சுழல்கின்றன. வெளிச்சம் எட்டாத அறைகளில், ஒளி தேவைப்படாத ஆரஞ்சு நிறப் பவளங்கள் இருட்டியதும் இதழ் விரிக்கின்றன.

இதைப் பார்த்துவிட்டு எல்லாக் கப்பல்களும் வரமே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பசிபிக் பெருங்கடலின் பால்மைரா பவளத்தீவில் 1991-இல் ஒரு மீன்பிடிக் கப்பல் உயிருள்ள பவளத்திட்டின்மீதே சிதைந்து கிடந்தது. பவளத்துக்கு உறவான, ஆனால் சுண்ணாம்புக் கூடு கட்டாத ஓர் உயிரினம் அதைச் சுற்றிப் பெருகிப் பவளங்களை மூடியது. இயல்பாகவே இரும்புச்சத்து அரிதான அந்நீரில், துருவிலிருந்து கரைந்த இரும்பே அதற்கு ஊட்டமாகியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். இறுதியில் பெரும் முயற்சியோடு சிதைவை அகற்ற நேர்ந்தது.

ஆகவே, வேண்டுமென்றே மூழ்கடிப்பதாயின், எண்ணெய், மின்கம்பி உறை, நச்சுப் பூச்சு ஆகியவற்றை நீக்கிய கப்பலை, பவளத்திட்டுகளுக்கு எட்டத்தில், வெறும் மணல் தரையில் இறக்க வேண்டும். அப்போதும், அங்கே தென்படும் மீன்களில் ஒரு பகுதி புதிதாகப் பிறந்து பெருகியதாக இராது. அக்கம்பக்கத்திலிருந்து வந்து கூடியதாகவே இருக்கும். கூடிய இடத்தில் வலை வீசித் தள்ளினால் இருந்த மீனும் குறைந்துவிடும் என்பதால், அவ்விடத்தில் மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடு அவசியம். மீனவர்களுக்குப் பயன்படுவதே நோக்கமென்றால், தமிழகக் கடலோரத்தில் ஏற்கெனவே இறக்கப்பட்டுவரும் சிமென்ட் கான்கிரீட் செயற்கைப் பாறைகளையே நான் பரிந்துரைப்பேன்: அவற்றில் கழுவி நீக்க எண்ணெயும் இல்லை, துருப்பிடித்துச் சரியும் தகடுகளும் இல்லை.