தெருவுக்கு அடியில் ரோமானியச் சிலைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லண்டன் மினரீஸ் தெருவில் 2013-இல் கிடைத்த கழுகுச் சிற்பம் அகழாய்வின் கடைசி நேரத்தில் வெளிப்பட்டதாமே? என்ன அதிர்ஷ்டம்! (மதுரை)

பதில்: இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. நகரத்தில் மேலிருந்துதான் தோண்டுகிறோம். முதலில் 19-ஆம் நூற்றாண்டு நிலவறைச் சுவர்கள், அப்புறம் இடைக்காலக் குப்பைக் குழிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ரோமானிய மண்ணடுக்கு. கட்டடம் எழுப்புபவர் கொடுத்த கெடு முடியும் நேரத்தில்தான் அங்கே கை போகிறது. 1954-இல் லண்டனின் வால்புரூக் பகுதியில் தொல்லியலாளர் கிரைம்ஸ் தோண்டியபோதும் அப்படியே: கடைசி நாள் என்று குறித்திருந்த செப்டம்பர் 18-இல் மித்ராஸ் என்ற தெய்வத்தின் பளிங்குத் தலை வந்தது. பார்க்க மக்கள் ஆயிரமாயிரமாக வரிசை கட்டியதால்தான் அவகாசம் நீண்டது. கெடு போடும்போதே பாதி நாட்களை அடி அடுக்குக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ரோமின் பழைய தரை எப்படி இவ்வளவு ஆழத்துக்குப் போனது? (சேலம்)

பதில்: தரை கீழே போகவில்லை, தெரு மேலே வந்தது. டைபர் ஆற்று வெள்ளத்தின் வண்டல், இடிந்த கட்டடங்களின் செங்கல், சாம்பல், குப்பை. அப்புறப்படுத்தச் செலவாகும் என்பதால் சமன்படுத்தி அதன்மேலேயே கட்டினார்கள். ரோமின் தாழ்வான பகுதிகளில் 5 முதல் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் வால்புரூக் பக்கம் ஏறக்குறைய 7.

கேள்வி: பளிங்குத் தலையை கார்பன் சோதனை செய்து வயதைச் சொல்ல முடியாதா? (ஈரோடு)

பதில்: முடியாது. அது உயிரோடு இருந்த பொருளுக்கான சோதனை, கல்லுக்கு அல்ல. கண்ணைப் பாருங்கள். கருமணியைத் துளையிட்டும் கீறியும் செதுக்கும் வழக்கம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 130-ஐ ஒட்டிப் பரவியது. மழமழவென்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது, வண்ணத்தால் கருமணி வரைந்திருப்பார்கள். பேரரசர்கள் தாடி வைக்கத் தொடங்கியதும் ஹாட்ரியனிலிருந்துதான். பெண்களின் கொண்டை இன்னும் நுட்பமாகக் காலம் காட்டும். சிலை கிடந்த அடுக்கில் இருக்கும் கரியைச் சோதிக்கலாம். ஆனால் அது சிலை புதைந்த காலத்தைச் சொல்லும், செதுக்கிய காலத்தை அல்ல.

கேள்வி: சிலையை எடுத்தவுடன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் என்ன? மண்ணோடு சுற்றி எடுத்துப் போகிறார்கள், முகமே தெரிவதில்லை. (கோவை)

பதில்: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருகிறது. கழுவாதீர்கள். ரோமானியப் பளிங்கு வெள்ளையாக விடப்பட்டதல்ல. முடிக்கு மஞ்சள் காவி, உதட்டுக்குச் சிவப்பு, ஆடை ஓரத்துக்கு எகிப்திய நீலம் என்று பூசியிருந்தார்கள். வண்ணத்தைப் பிடித்திருந்த பசை மக்கிப் போயிருக்கும். எஞ்சிய துகள் கல்லைவிட மண்ணோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். எகிப்திய நீலத்தின் ஒரே ஒரு துகள் இருந்தாலும், சிவப்பு ஒளி பாய்ச்சி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் வெள்ளையாக ஒளிரும். குழாயைத் திறந்த அரை நிமிடத்தில் அந்தச் சாட்சி சாக்கடையில்.

மண்ணும் பேசும். ஒட்டியிருப்பது சுண்ணாம்புச் சாந்து என்றால் சிலையைப் பிற்காலத்துச் சுவரில் கல்லாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய வண்டல் என்றால் நீர் நின்ற பள்ளத்தில் கிடந்திருக்கிறது. மினரீஸ் கழுகு கல்லறைச் சிற்பம் என்று எப்படிச் சொன்னார்கள்? முதுகுப் பக்கம் செதுக்கப்படவில்லை, மழையும் காற்றும் அரிக்கவில்லை. ஆகவே மாடக்குழிக்குள் நின்றது. அங்கேயே ஒரு கல்லறை மண்டபத்தின் அடித்தளமும் இருந்தது. இடம் தெரியாமல் போயிருந்தால் அது 65 செ.மீ. உயரமுள்ள ஓர் அழகான பறவை, அவ்வளவுதான்.

முறை இது. அளவுகோல் வைத்து நாற்புறமும் படம்; குப்புறக் கிடந்ததா, மல்லாந்தா என்ற குறிப்பு; மட்டம், ஆயம் (எவ்வளவு ஆழம், வரைபடத்தில் எந்த இடம்). தலையைச் சுற்றிய மண்ணில் ஒரு பை தனியே. பிறகு சுற்றிலும் தோண்டி, சிலையை மண் மேடையில் நிற்க விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே பிளாஸ்டர் துணி கட்டி, அடியில் பலகை செருகித் தூக்க வேண்டும். ஒரு கன மீட்டர் பளிங்கு 2.7 டன், ஆடையும் பீடமும் சேர்ந்த ஆளுயரச் சிலை அரை டன்னை நெருங்கும். கழுத்திலும் கையிலும் சங்கிலி போடாதீர்கள். தலையும் கையும் தனியே செதுக்கிப் பொருத்தப்பட்டிருக்கலாம். உள்ளே இருக்கும் இரும்பு முளை துருவேறிப் பருத்துக் கல்லை ஏற்கெனவே விரிசல் விடச் செய்திருக்கும். வெயிலில் காய வைக்காதீர்கள். உப்பு மேலேறி, தோல் பொருக்காக உதிரும். நிழலில், ஈரத் துணி மூடி, வாரக்கணக்கில் மெல்லக் காய விடுங்கள். அதற்குப் பிறகுதான் மூங்கில் குச்சியும் மென்தூரிகையும். அமிலம் எந்தக் காலத்திலும் வேண்டாம்: பளிங்கு நுரைத்துக் கரையும்.

கேள்வி: ஒரு கை மட்டும் கிடைக்கிறது. மீதி எங்கே? (தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் சுண்ணாம்புக் காளவாயில். பளிங்கை 900 டிகிரிக்குச் சுட்டால் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இடைக்கால ரோமில் கோயிலும் சிலையும் இப்படித்தான் சாந்தாகின. வெண்கலம் உருக்குலைக்குப் போனது. அதனால்தான் 1885-இல் ரோமின் குயிரினால் குன்றில் கிடைத்த வெண்கலக் குத்துச்சண்டை வீரன் இவ்வளவு அபூர்வம். அதைக் கவனமாகப் புதைத்து வைத்திருந்தார்கள். ஆனால் கையைக் கைவிடாதீர்கள். பாம்புகளோடு போராடும் டிராய் நகரப் பூசாரியைக் காட்டும் லாவோகூன் சிலை 1506-இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. அதன் மடங்கிய வலக்கை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஊரில் ஒரு கல்தச்சர் கடையில் அகப்பட்டது. அதுவரை நீட்டிய கை ஒன்றைத் தவறாகப் பொருத்தி வைத்திருந்தார்கள்.

கேள்வி: படம் இணைத்துள்ளேன். இது ரோமானியச் சிலையா? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: அளவுகோல் இல்லை, கிடைத்த இடம் இல்லை, பின்புறப் படம் இல்லை. கழுவி வேறு வைத்திருக்கிறீர்கள். சொல்ல இயலாது.

கேள்வி: இந்திய நகரத்துக்கு அடியில் இப்படி ஏதாவது? (திருப்பூர்)

பதில்: உண்டு. கோலாப்பூரின் பிரம்மபுரி மேட்டில் 1940-களில் கிடைத்த கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் சிறிய வெண்கலச் சிலை. எதிர்த்திசைக்கும் சான்று உண்டு: 1938-இல் இத்தாலியின் பொம்பேயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம். லட்சுமி என்ற பெயர் நிலைத்துவிட்டது, யட்சி என்பதே பொருத்தம்.

கேள்வி: வீட்டு அஸ்திவாரத்தில் கிடைத்தால் நமக்கே சொந்தமா? (கரூர்)

பதில்: இத்தாலியில் அரசுக்குச் சொந்தம். தற்செயலாகக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். மதிப்பில் கால் பங்கு வரை வெகுமதி கிடைக்கலாம். இங்கிலாந்தில் கற்சிலை புதையல் சட்டத்துக்குள் வராது, பொதுவாக நில உரிமையாளருடையது. உங்கள் ஊரில் ரோமானியக் காசு கிடைப்பது புதிதல்ல. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.