தூரிகை கேள்வி – பதில்: சிவப்புச் செம்பருத்தி, வெள்ளை மல்லிகை

கேள்வி: அக்ரிலிக்கில் செம்பருத்தி வரைகிறேன். நிழலுக்குக் கறுப்பு கலந்தால் இதழ் அழுக்குப் பழுப்பாகிறது. வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் நிறமாகிவிடுகிறது. – வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த இரண்டு ட்யூப்களையும் முதலில் ஓரமாக வையுங்கள். செம்பருத்திக்கு இரண்டு சிவப்பு வேண்டும்: ஆரஞ்சு சாயலுள்ள ஸ்கார்லெட், நீலச் சாயலுள்ள கிரிம்சன். ஸ்கார்லெட்டை மெல்லிய பூச்சாக இரண்டு முறை கொடுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. நிழலுக்கு, ஐந்து பங்கு கிரிம்சனுக்கு ஒரு பங்கு சாப் கிரீன் போதும். பச்சை சிவப்புக்கு எதிர்நிறம் என்பதால் சிவப்பை அடக்கி ஆழமாக்கும். கறுப்பைப்போல் அதைச் சாகடிக்காது. வெளிச்சம் படும் இடத்துக்கு ஸ்கார்லெட்டில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் போதும். வெள்ளையைக் கடைசியில், இதழின் மடிப்பு நுனியில் மட்டும் பொட்டளவு வைக்கலாம்.

இன்னொன்று: ஈரமாக இருக்கும்போது பெயின்ட்டிலுள்ள பசை பால்போல் வெளுத்திருக்கும். காய்ந்ததும் அது தெளிந்துவிடுவதால் நிறம் சற்றுக் கருக்கும். கலந்த நிறத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றிக் காயவைத்துப் பார்த்த பிறகு இதழில் வையுங்கள்.

நடுவிலுள்ள தண்டில் பலர் அடியிலிருந்தே மஞ்சள் புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி வழவழவென்று வெறுமையாக இருக்கும்; மகரந்தம் மேல்பாதியில்தான். உச்சியில் ஐந்து குட்டிச் சிவப்புக் குண்டுகள். இந்த ஐந்தும் இருந்தால் படம் செம்பருத்தி என்று தானே சொல்லும்.

கேள்வி: இரண்டு நிறங்களை இழைப்பதற்குள் பெயின்ட் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் சேர்த்தால் திட்டுத்திட்டாகிறது. – வாசகர், வேலூர்

பதில்: மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். வெயில் காலத்தில் அது கஷ்டம்தான். காற்று உங்கள் மேல் பட்டாலும் பலகையில் படாதபடி உட்காருங்கள். தண்ணீர் அதிகமானால் பசை நீர்த்து, நிறம் பிடிப்பில்லாமல் போகும்.

தட்டையான டிபன் பாக்ஸில் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து நனைத்துப் போட்டு, தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் நிறங்களைக் கலக்குங்கள். மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஒரு நேரத்தில் ஓர் இதழை மட்டும் எடுத்து, இரு நிறமும் ஈரமாக இருக்கும்போதே இழைத்து முடியுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் தூரிகையால் மறுபடி தேய்க்கவே தேய்க்காதீர்கள். அடிப்பூச்சு தோலாக உரிந்து பள்ளம் விழும். புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள்.

கேள்வி: மல்லிகை வெள்ளைத் தாளில் தெரியவே மாட்டேன் என்கிறது. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பின்னணியை முதலில் கரும்பச்சையாகப் பூசுங்கள். பூவின் முழு உருவத்தையும் வெளிர் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் போட்டு, காய்ந்ததும் வெளிச்சப் பக்கம் மட்டும் டைட்டானியம் ஒயிட். மொட்டின் அடியில் துளி இளம்பச்சை.

கேள்வி: தூரிகை விறைத்துப்போய்விட்டது. காப்பாற்ற முடியுமா? – வாசகர், சேலம்

பதில்: மயிர்ப்பகுதியை மட்டும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிறிது நேரம் ஊறவைத்து, விரலால் கசக்கி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தகரக் குழலுக்குள் பெயின்ட் இறுகியிருந்தால் மயிர் விரிந்தே இருக்கும். இலைக்கொத்துகளைத் தட்டித் தட்டி வரைய அதை வைத்துக்கொள்ளலாம்.