கழகத்தின் நூற்றாண்டு மலர்: வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

ஒஸ்லோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் விளையாடும், அயலிலுள்ள விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் அவரும் இருக்கிறார். கோடையில் உதைபந்தாட்டம், குளிர்காலத்தில் பாண்டி (bandy) என்ற ஐஸ் விளையாட்டு. கழகத்துக்கு நூறு வயது நெருங்குகிறது, மலரின் வரலாற்றுப் பகுதியை இவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கையில் இருப்பது ஒரு பெட்டி நிறையப் பழைய கூட்டக் குறிப்புகள் மட்டும். அதில் 1940 இறுதி முதல் 1945 வரை ஒரு வரிகூட இல்லை. கழகம் தொடங்கிய ஆண்டு பற்றியும் இரண்டு கதைகள் உலவுகின்றனவாம். "சொல்லிக்கொள்ளும்படி கிண்ணங்களும் இல்லை, எதை எழுதுவது?" என்று கேட்கிறார்.

அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பெட்டியிலிருந்து எதுவும் தொலைந்துபோகவில்லை என்றே நினைக்கிறேன். ஜெர்மனி நோர்வேயை ஆக்கிரமித்த பிறகு, 1940 நவம்பரில் விளையாட்டு அமைப்புகளின் தலைமையைப் புதிய ஆட்சி தன் கையில் எடுத்தது. கழகங்களும் வீரர்களும் அதற்குப் பணியாமல் போட்டிகளைப் புறக்கணித்தார்கள். தெரிவுசெய்யப்பட்ட நிர்வாகிகள் விலகினார்கள். தேசிய உதைபந்தாட்டக் கிண்ணப் பட்டியலிலும் இதே இடைவெளிதான்: 1940இல் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் கழகம் வென்றது, அடுத்த வெற்றியாளரான லின் 1945இல்தான் வருகிறது. நாடு முழுவதும் நடந்த இந்த விளையாட்டு வேலைநிறுத்தத்தில் உங்கள் சின்னக் கழகத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். காடுகளுக்குள் இரகசியமாகப் போட்டிகள் நடந்ததும் உண்டு. உங்கள் பகுதியிலும் நடந்ததா என்று மூத்த குடும்பங்களில் கேட்டுப்பாருங்கள். ஒரு எச்சரிக்கை: வேலைநிறுத்தத்தை மீறி விளையாடியவர்கள் மீது போருக்குப் பின் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அப்படி யாருடைய பெயராவது வந்தால், பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

தொடங்கிய ஆண்டுக் குழப்பம் இந்த வகைக் கழகங்களில் சாதாரணம். பையன்கள் சேர்ந்து அணி அமைத்தது ஒரு ஆண்டு, விதிமுறை எழுதிச் சம்மேளனத்தில் பதிந்தது வேறொரு ஆண்டு. இன்னொரு காரணமும் உண்டு. 1924இல் தொழிலாளர் இயக்கம் தனக்கென்று ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தை உருவாக்கியது. அதனால் ஒரே பகுதியில் இரண்டு கழகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இயங்கிய இடங்கள் பல. போர் முடிந்து, 1946இல் எல்லாம் ஒரே தேசிய சம்மேளனத்துக்குள் வந்தபோது இப்படிப்பட்ட கழகங்கள் பல இணைந்தன. உங்கள் இரண்டு கதைகளும் இரண்டு தாய்க் கழகங்களிலிருந்து வந்திருக்கக்கூடும், பெட்டியில் இணைப்புத் தீர்மானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டு ஆண்டுகளையும் எழுதிவிடுங்கள், ஒன்றை மறைக்கத் தேவையில்லை.

இனி முதுகெலும்பு. கிண்ணம் இல்லாத கழகத்துக்கு மைதானத்தின் கதையே வரலாறு என்பது என் உறுதியான எண்ணம். உதைபந்தாட்டமும் பாண்டியும் ஒரே கழகத்தில் ஏன் சேர்ந்தன? பாண்டி என்பது ஐஸில் சறுக்கியபடி, வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்து விளையாடுவது. அணிக்கு 11 பேர், 45 நிமிடங்களாக இரண்டு பாதி, கிட்டத்தட்ட உதைபந்து மைதானம் அளவுக்கு ஐஸ். குளிர் வந்ததும் அதே சரளைத் திடலில் குழாயால் தண்ணீர் பாய்ச்சினால் களம் தயார். அதே பையன்கள், அதே உடைமாற்றும் அறை. ஃப்ரிக் (1904), ரெடி (1907), மியோண்டாலன் (1910), ஸ்டாபெக் (1912) என்று பெயர்பெற்ற பல கழகங்கள் இப்படி இரண்டையும் சேர்த்தே வளர்ந்தவை. மியோண்டாலன் 1933, 1934, 1937 ஆகிய ஆண்டுகளில் உதைபந்தாட்டக் கிண்ணத்தையே வென்ற ஊர், பாண்டியிலும் பெரிய பெயர். 1952 ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கில் பாண்டி காட்சி விளையாட்டாக இடம்பெற்று, சுவீடனுக்கு அடுத்து நோர்வே இரண்டாவதாக வந்தது. அந்தக் காலப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

ஆகவே கூட்டக் குறிப்புகளில் இவற்றைத் தேடுங்கள்: திடலுக்கான நிலம் யாரிடமிருந்து வந்தது, இரவில் நின்று தண்ணீர் பாய்ச்சியவர்கள் யார், விளக்குக் கம்பம் எப்போது, டுக்னாட்டில் (எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் பொதுவேலையில்) கட்டிய கழக வீடு எது, குளிர் போதாமல் எத்தனை போட்டிகள் கைவிடப்பட்டன, சரளை போய்ச் செயற்கைப் புல் வந்தபோது பாண்டிக்காரர்கள் எங்கே போனார்கள். குளிரூட்டும் குழாய் பதித்த செயற்கை ஐஸுக்காக நகரசபையோடு நடத்திய கடிதப் போக்குவரத்து கிடைத்தால் அது தங்கம்.

வெளியே தேடும்போது ஒரு நுணுக்கம். 1925க்கு முன் ஒஸ்லோவின் பெயர் கிறிஸ்தியானியா. அப்புறம், நகரைச் சுற்றியிருந்த ஆக்கர் என்ற தனி நகரசபை 1948இல்தான் ஒஸ்லோவோடு சேர்ந்தது. உங்கள் பகுதி பழைய ஆக்கரில் இருந்ததென்றால் அந்தக் காலத்து நிலப் பத்திரங்களும் மானியக் கடிதங்களும் ஆக்கரின் பெயரில் இருக்கும், ஒஸ்லோ என்று மட்டும் தேடினால் அகப்படாது. தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய பத்திரிகைகளைச் சொல் போட்டுத் தேடலாம். கழகப் பெயரை அன்றைய எழுத்துக்கூட்டல்களிலும், தெருப் பெயரோடு சேர்த்தும் தேடுங்கள். வீட்டிலிருந்து திறக்காத பத்திரிகைகள் பலவற்றை நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். படங்களுக்கு ஒஸ்லோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இருக்கிறது.

இரண்டு பகுதிகள் மலர்களில் வழக்கமாக மெலிந்துபோகின்றன, தயவுசெய்து அவற்றுக்கு இடம் கொடுங்கள். ஒன்று பெண்கள். நோர்வே மகளிர் உதைபந்து அணி தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது 1978இல். உங்கள் கழகத்தின் முதல் மகளிர் அணி அதற்கு முன்னா பின்னா? அதில் ஆடியவர்கள் இன்னும் நம்மிடையே இருப்பார்கள், போய்ப் பேசுங்கள். மற்றது 1980களின் பின்பாதியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள். இலங்கையிலிருந்து வந்த நம் பிள்ளைகள் ஸ்கேட் போடவே தெரியாமல் ஐஸில் இறங்கியிருப்பார்கள். பழைய அணிப் படங்களில் நம் பெயர்கள் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம், சில விடுபட்டும் இருக்கலாம். அவற்றைத் திருத்த உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்?

பேட்டிகளை இப்போதே தொடங்குங்கள், ஆவணங்கள் காத்திருக்கும். மூத்தவர்களிடம் வெறுங்கையோடு போகாமல் ஒரு பழைய அணிப் படத்தைக் கொண்டுபோய் நீட்டுங்கள். "உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்கள், "இந்தக் கோல்காப்பாளர் யார்?" என்று கேட்டால் மாலை முழுவதும் பேசுவார்கள். படங்களை அச்சிடுமுன் அதில் அடையாளம் தெரிபவர்களின் சம்மதத்தையும், சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதத்தையும் எடுத்துவிடுங்கள்.

பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். மலர் வந்த பிறகு அதைத் திரும்பவும் கழக வீட்டு நிலவறையில் வைக்காமல் ஒஸ்லோ நகர ஆவணக் காப்பகத்தோடு பேசிப்பாருங்கள், சங்கங்கள் கழகங்களின் ஆவணங்களையும் அவர்கள் ஏற்றுப் பாதுகாக்கிறார்கள்.